மோட்டார் சத்தத்துக்குள் ஒரு கித்தார்

போன வாரம் சின்னவன் தன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு முறுக்காணிகளைத் திருகிக்கொண்டிருந்தான். தடித்த கம்பி இரண்டையும், கடைசி மெல்லிய கம்பியையும் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கினான். பிறகு ஒரு விரலும் அழுத்தாமல் ஆறு கம்பியையும் ஒரு தடவு தடவினான். ஆறும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து பேசியது.

"அப்பா, இது புது மாதிரி. ஓப்பன் டியூனிங்னு பேரு. வெளிநாட்டுக்காரங்க வாசிக்கிறது" என்றான்.

சரிப்பா என்று சொல்லிவிட்டு நான் வாசலுக்குப் போய்விட்டேன். முகம் ஏன் அப்படி ஆயிற்று என்று உங்கள் அம்மா கேட்டாள். அவளுக்கும் பதில் சொல்லவில்லை. எனக்குக் கோவையாகப் பேச வராது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன். எழுதினால் ஓரளவு நிதானம் வரும் என்பதால் பெரியவளே, சின்னவனே, உங்கள் இருவருக்கும் எழுதுகிறேன்.

அந்த ஓசையை நான் எழுபதுகளிலேயே கேட்டிருக்கிறேன். பாகூர்ப் பக்கம் ஒரு கரும்புக் கொல்லை ஓரத்தில், ஒரு பெண் வாசித்து. அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவரை நான் தங்கச்சி என்று கூப்பிட்டவன். உங்களுக்கு அத்தை முறை ஆகிறது. அத்தை என்றே எழுதுகிறேன். அவர் கணவர் உங்களுக்கு மாமா. அந்த மாமாவும் நானும் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தோம். பகலில் எனக்கு வில்லியனூர்க் கடைத்தெருவில் துணிக்கடை வேலை. கல்யாணம், திருவிழா என்றால் டோலக். மாமாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை, குழுவில் கித்தார். எங்களுக்கெல்லாம் தலைவராக ஆர்மோனியம் வாசிக்கிற ஒருவர் இருந்தார். மாஸ்டர் என்போம்.

அத்தைக்கு வெட்கம் அதிகம். அது புதுப்பெண் வெட்கம் இல்லை. பிள்ளை பிறந்த பிறகும் அப்படியே இருந்தது. தனக்கு ஒன்று நன்றாக வருகிறது என்று அடுத்தவருக்குத் தெரிந்துவிட்டால் போதும், களவு செய்து பிடிபட்டவர் மாதிரி ஆகிவிடுவார். "ஐயோ, பாத்துட்டீங்களா?" இதுதான் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட பேச்சு.

ஒத்திகை மாமா வீட்டில்தான் நடக்கும். ஒருநாள் கருவாட்டுக் குழம்பு. மாஸ்டர் மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டு, "தங்கச்சி, இந்தக் கொழம்புக்கு ரெண்டு காணி நெலத்த எழுதி வெக்கலாம்மா" என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து, "அது ஏதோ தன்னால வந்துடுச்சிண்ணே" என்று ஒரு குரல் வந்தது. அதற்குப் பிறகு குழம்புச் சட்டியோடு வந்தது அத்தையின் மாமியார். அடுத்த ஒத்திகைக்கு வெறும் ரசம். மாமா தலையில் அடித்துக்கொண்டார். "நல்லா கீதுன்னு சொன்னீங்களே, அனுபவிங்க!"

அத்தை பிறந்தது திருவாண்டார்கோயில் பக்கம். புகுந்த வீட்டில் எது தெரியும் என்று காட்டிக்கொண்டாலும் அதைக் காலம் முழுக்கத் தலையில் கட்டிவிடுவார்கள், தெரியாது என்றே இரு என்று அவர் தாயார் சொல்லி அனுப்பினாராம். நடவுக்கு வரும் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர்களுக்கு மட்டும் அத்தை வேறு ஆள். மாஸ்டர் தொண்டையைச் செருமி ஒன், டூ, த்ரீ சொல்வது மாதிரி அத்தை செய்துகாட்டினால் வயிறு வலிக்குமாம். ஒரு ஆம்பிளை வரப்பில் தலை காட்டினால் நின்றுபோகும்.

வீட்டுக்குப் பின்னாலேயே மோட்டார் கொட்டகை. கரும்புக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவதும் கேட்காது. அது ஓடும்போதுதான் அத்தை கொட்டகைத் தொட்டியில் துணி துவைப்பார். ஏன் என்று எங்களுக்கு ஒருநாள் தெரிந்தது. நானும் மாமாவும் வரப்போடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தோம். திடீரென்று கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றது. நின்ற இடத்திலிருந்து ஒரு பாட்டு வெளியே வந்தது. நல்ல உரத்த குரல். ஒரு அடி முழுக்கப் பாடிய பிறகுதான் சத்தம் இல்லாதது அத்தைக்கே உறைத்தது. கொல்லையில் களை எடுத்த பெண்கள் கை தட்டினார்கள்.

"இன்னாடி, ரேடியோ பொட்டிய தொட்டிக்குள்ளயா ஒளிச்சி வெச்சிருந்த?"

அத்தை துணிகளை விட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீருக்குள் கழுத்து வரை இறங்கி உட்கார்ந்துவிட்டார். மாமா சைக்கிளைத் திருப்பினார்.

"வா மச்சான், போவலாம். நாம நின்னா இது கரையேறாது." சிறிது தூரம் போன பிறகு, "இவளுக்குப் பாட்டெல்லாம் வருமா இன்னா?" என்றார். என்னைக் கேட்டதாகத் தோன்றவில்லை.

மாமாவின் கித்தார், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய ஒருவர் வீட்டில் பழையதாக வாங்கியது. அதைத் தன் பிள்ளையைவிடப் பத்திரமாக வைத்திருந்தார். அவருக்கு ஒரு வீம்பு உண்டு. மேடையில் சுருதி சேர்க்க மாட்டார். ஜனங்களுக்கு முன்னால் முறுக்காணியைத் திருகிக்கொண்டு உட்கார்ந்தால் வித்தை தெரியாதவன் என்று ஆகிவிடும் என்பார். "நம்மது வூட்லயே சேத்துட்டு வர சாமான். எடுத்தா பேசணும்" என்று பெருமையாகச் சொல்வார். அப்படியே நடந்தும் வந்தது.

ஒருநாள் ஒத்திகை இல்லை என்று சொல்லிவிட்டுப் போக நான் அங்கே போனேன். மாமா ஷிப்டுக்குப் போயிருந்தார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்குள்ளேயே இன்னொன்றும் இருந்தது. முதலில் மோட்டார்தான் ஏதோ கெட்டுப்போய்ப் பாடுகிறது என்று நினைத்தேன். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தால் அத்தை. தரையில் சம்மணம் போட்டு, கித்தாரை மல்லாக்க மடியில் கிடத்தி, இடது கையால் ஒரு காலித் தைலப் புட்டியைக் கம்பிகள் மேல் படுக்கவைத்து நகர்த்திக்கொண்டிருந்தார். வலது கை கம்பிகளைத் தடவியது. புட்டி நகர நகர ஓசை வழுக்கிக்கொண்டு போயிற்று. நடவுப் பாட்டு. நம் வாய் பாடும்போது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழையுமே, அந்த இழைவு அப்படியே இருந்தது. மாமா வாசித்து நான் அதைக் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் புட்டி கையிலிருந்து விழுந்தது. எட்டி மோட்டாரை நிறுத்தினார்.

"ஐயோ, பாத்துட்டீங்களா? அண்ணே, அவருகிட்ட சொல்லிடாதீங்கண்ணே. யாருகிட்டயும் சொல்லாதீங்க. சத்தியமா?"

"சொல்ல மாட்டேன் தங்கச்சி. ஆனா இது எப்பிடி? மச்சான் அழுத்திப் பிடிக்கிறாரே, நீ ஒண்ணும் அழுத்தலியே?"

கேட்டதற்குப் பதில் வராது என்றுதான் நினைத்தேன். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவரு மாதிரி நாலு வெரலு எனக்கு வணங்கலண்ணே. ஒருநாளு மோட்டாரு ஓடும்போது சும்மா கம்பிய தட்டிப் பாத்தேன். நடுவுல ஒரு கம்பி மோட்டாரோட ஒத்துப் போச்சு. ரெண்டும் ஒரே கொரலு. அதுக்குப் பக்கத்துல இருந்த ரெண்டும் சண்ட போடல. மீதி மூணுதான் மொறச்சிக்கிச்சு. அதுங்கள கொஞ்சம் எளக்கிவுட்டேன். ஆறும் சேந்துடுச்சு. அப்புறம் புட்டிய எங்க வெச்சாலும் ஆறும் சேந்தே வருது. அவரு வரதுக்குள்ள மறுபடியும் ஏத்தி வெச்சிடுவேன்."

நாங்கள் கார்டு கார்டு என்று நாலைந்து கம்பியைச் சேர்த்து விரல் நோகப் பிடிப்பதை அவர் வெறுங்கம்பியிலேயே கட்டி வைத்திருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் குழம்பு ரசமான கதை ஆகிவிடுமே என்று பயந்தேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

இதற்குச் சில மாதம் கழித்து ஏம்பலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. கரும்புக்காரர் வீட்டுக் கல்யாணம், பந்தல் பெரிது. அன்று மாமாவுக்குப் பகல் ஷிப்டு. மில்லிலிருந்து நேரே சைக்கிளில் வந்துவிடுவதாகவும், போகிற வழியில் நான் கித்தாரை எடுத்துவந்துவிட வேண்டும் என்றும் ஏற்பாடு. காலையிலேயே சுருதி சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்.

குழு போகிற டெம்போ அன்று கொஞ்சம் முன்னாலேயே புறப்பட்டுவிட்டது. மாமா வீட்டு முனையில் நின்று டிரைவர் ஆரனை அடித்துக்கொண்டே இருந்தான். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். பின்பக்கம் மோட்டார் ஓடும் சத்தம். அத்தை வியர்த்துப்போய் வந்தார். கித்தாரை உறைக்குள் போட்டு, அதைக் கொடுக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டே நின்றார்.

"குடு தங்கச்சி. வண்டி நிக்குது, அவன் கத்தறான்."

அத்தை டெம்போவைப் பார்த்தார். அதில் ஏழெட்டு ஆம்பிளைகள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லி மூன்று கம்பியை ஏற்றிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அவ்வளவு பேர் காது கேட்க எப்படித் தட்டித் தட்டிச் சேர்ப்பது? ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டார். வழியெல்லாம் நான் அதை என் மடியில் வைத்துக்கொண்டு போனேன், யார் காலும் படக்கூடாது என்று.

மாமா மேடைக்கு வரவும் மாஸ்டர் முதல் பாட்டை அறிவிக்கவும் சரியாக இருந்தது. அந்தப் பாட்டு கித்தாரில்தான் ஆரம்பம். தனியாக ஒரு தடவு, பிறகு மற்றதெல்லாம். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, மைக்குக்குப் பக்கத்தில் வந்து, வழக்கம்போல விரல்களை அழுத்தித் தடவினார்.

தகரக் கூரையில் யாரோ சட்டி பானையைக் கொட்டியது மாதிரி இருந்தது.

மாமா விரல்களைப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தன. இன்னொரு முறை தடவினார். பந்தலில் விசில் கிளம்பியது.

"இன்னாபா, கித்தாருக்கு ஜன்னி வந்துடுச்சா?"

"மாப்ள வூட்டு ஈயம் பூசறவரா இவரு?"

பொண்ணும் மாப்பிள்ளையும்கூடச் சிரித்தார்கள். மாஸ்டர் ஆர்மோனியத்தை இழுத்துச் சமாளித்தார். நான் டோலக்கை ஓங்கி அடித்தேன். அப்போதும் மாமா ஒரு நிமிஷம் ஓரமாகப் போய்ச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கலாம். வீம்பு விடவில்லை. எல்லாப் பாட்டுக்கும் கம்பியில் படாமல் கையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நின்றார். முன்வரிசைப் பிள்ளைகள் அதையும் கண்டுபிடித்து, அதே மாதிரி வெறுங்கையை ஆட்டிக்காட்டின. என் நண்பரை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு நிலையில் பார்த்ததில்லை.

மறுநாள் ஞாயிறு. காலையில் மாஸ்டரையும் என்னையும் மாமா தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். வாசல் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். பக்கத்தில் கித்தார், உறை பிரிக்காமல். அத்தை டீ வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"நேத்து காலைல நான் சேத்து வெச்சேன். சாயந்திரம் மேடைக்கு வரும்போது மூணு கம்பி எளகி கீது. நடுவுல அது யாரு மடியில இருந்துச்சு மாஸ்டர்?" என்றார் மாமா.

அதற்கு முந்தைய வாரம் மாஸ்டர் என் டோலக் தனி வாசிப்பை எடுத்துவிட்டுக் கித்தாருக்கு இடம் கொடுத்திருந்தார். நான் கொஞ்சம் முணுமுணுத்தது எல்லாருக்கும் தெரியும்.

"மச்சான், நான் தொடல. உறையக்கூட பிரிக்கல."

"அப்ப யாரு? காத்தா வந்து திருகுச்சு? ஒரு கம்பி எளகுனா குலுக்கல்னு சொல்லலாம். மூணு. அதுவும் பாத்துப் பாத்து."

எனக்கு விளங்கிவிட்டது. முந்தின நாளே விளங்கியிருந்தது. வாய் வரை வந்ததை விழுங்கினேன். சொல்ல மாட்டேன் என்று அத்தையிடம் சொல்லியிருந்தேனே.

மாமா எழுந்தார். "சரி. வேற பேச்சு வேணாம். அய்யனார் கோயிலாண்ட வா. சூடத்த ஏத்தி அணைச்சு, நான் தொடலன்னு சத்தியம் பண்ணு. நம்பறேன்."

நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். அப்போது பெரியவள் உங்கள் அம்மா வயிற்றில் ஆறு மாதம். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் உண்மைக்கே ஆனாலும் ஆம்பிளை சூடம் அணைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். மாமாவுக்கும் அது தெரியும். கோபத்தில் மறந்திருந்தார்.

"பாத்தீங்களா மாஸ்டர், எழுந்திருக்கறானான்னு? மடியில கனம்."

"ஏம்பா, பண்ணிட்டுப் போயேன்" என்றார் மாஸ்டர். "இல்லன்னா நாளைலேருந்து நம்ம கூட எப்பிடி வருவ?"

நான் எழுந்தேன். வேறு வழி தெரியவில்லை. செருப்பைத் தேடிக் காலால் துழாவினேன்.

"அவர எங்கயும் கூட்டிக்கினு போவாதீங்க."

அத்தை வாசற்படியில் நின்றார். கதவுக்குப் பின்னால் இல்லை. "அண்ணி முழுவாம இருக்காங்க. அவரு சூடம் அணைக்கக்கூடாது. நான்தான் எளக்கினேன்."

மாமாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. "நீயா? உனக்கு அதுல தல எது காலு எதுன்னு தெரியுமா?" பிறகு சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "இவனக் காப்பாத்தறதுக்கு நீ எதுக்குடி பொய் சொல்ற? இவன் மேல உனக்கு இன்னா அவ்ளோ அக்கற?"

மாஸ்டர் டீ தம்ளரைப் பார்த்துக்கொண்டார். நான் செருப்புக்குள் பாதி நுழைந்த காலோடு நின்றேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் தப்பு.

அத்தை படியிறங்கி வந்தார். கித்தாரை உறையிலிருந்து எடுத்தார். எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதை மடியில் கிடத்தினார். இடுப்பில் செருகியிருந்த தைலப் புட்டியை எடுத்துக் கம்பி மேல் வைத்தார். புட்டி கம்பியோடு கிடுகிடுவென்று தட்டியது. மோட்டார் ஓடவில்லை. மறைத்துக்கொள்ள ஒரு சத்தமும் இல்லை.

வாசித்தார். முதலில் ஒன்றிரண்டு இடம் பிசகியது. பிறகு கை நிலைக்கு வந்தது. அதே நடவுப் பாட்டுதான். தெருவில் போன ஒருவர் சைக்கிளிலிருந்து இறங்கி நின்றுவிட்டார். மாமா கித்தாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷம் கூடப் பழகியவனுக்கு இப்படி ஒரு குரல் இருந்ததா என்று கேட்கிற பார்வை.

முடிந்ததும் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும்தான்.

"எத்தினி நாளா?" என்றார் மாமா.

"நீங்க ஷிப்டுக்குப் போறப்பல்லாம்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சரி. நடந்தது நடந்துடுச்சு. இது நம்ம நாலு பேரோட இருக்கட்டும். வெளிய தெரிஞ்சா புருஷங்காரன் இவனுக்குத்தான் அசிங்கம். கேட்டா டெம்போ குலுக்கல்ல எளகிடுச்சுன்னு சொல்லிக்கலாம். இன்னா?"

மாமா தலையாட்டினார். நானும் ஆட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். தப்பித்தால் போதும் என்று இருந்தது.

"எதுக்கு?" என்றார் அத்தை. "டெம்போல அது அண்ணன் மடியில இருந்துச்சுன்னு ஊருக்கே தெரியும். மறுபடியும் அவரு மேலதான் வரும். நான்தான் எளக்கினேன்னு சொல்லுங்க. வாசிக்கிறதுக்கு எளக்கினேன், ஏத்தி வெக்க முடியாமப் போச்சுன்னு சொல்லுங்க."

"ஊரு சிரிக்கும்டி. உனக்கு வெக்கமா இல்ல?"

அத்தை கொஞ்சம் யோசித்தார். நிஜமாகவே தனக்குள் தேடிப் பார்த்துவிட்டுச் சொல்வது மாதிரி இருந்தது.

"நேத்து இருந்துச்சு. அதனாலதான் இவ்ளோவும் ஆச்சு."

பிறகு, கேட்டவர்களுக்கெல்லாம் மாஸ்டர் உள்ளதைத்தான் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வருஷமே குழு கலைந்துபோயிற்று. மாமா குடும்பம் மூலக்குளம் பக்கம் போய்விட்டது. அங்கே அத்தை வாசித்தாரா, தெரியாது. போய்க் கேட்க எனக்கு முகம் இல்லை. எனக்காக ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்து வாசித்தாள், நன்றாக வாசித்தாய் என்று ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வரவில்லையே. முன்பு சொல்லாமல் விட்டது அவருடைய வெட்கத்துக்காக. அன்று எதற்காகச் சொல்லவில்லை என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் காலையைப் பற்றி இன்னும் ஒன்றுதான் மிச்சம். அத்தை கித்தாரைக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து, சேலை மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றார். ஆம்பிளைகள் பேசவேண்டிய பேச்சு பாக்கி இருந்தது. பெண்கள் உள்ளே போன பிறகுதான் அப்படிப்பட்ட பேச்சைப் பேசுவோம். அதனால் அத்தை உள்ளே போகட்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தோம். வழக்கமாக நாங்கள் தலை நிமிர்வதற்குள் அவர் மறைந்திருப்பார். அன்று நிமிர்ந்து பார்த்தால் நின்றுகொண்டிருந்தார். மறுபடி குனிந்தோம். மறுபடி பார்த்தோம். அங்கேயே, எங்களைப் பார்த்தபடி, நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் நாங்கள்தான் எழுந்து போனோம்.